ஒட்டாவாவா, கன்பராவா? பெரிய தேசங்களின் சின்னத் தலைநகரங்கள்

வெள்ளவத்தையில் கனடா என்றால் ரொறன்ரோ. அவுஸ்திரேலியா என்றால் மெல்பேர்ன், அதற்கடுத்து சிட்னி. காலி வீதியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்சிகளின் கண்ணாடிக் கதவுகளைப் பார்த்தாலும் இதே கதைதான்: ஒரு பக்கம் சி.என். கோபுரம், மறுபக்கம் ஒப்பெரா மண்டபம். இரண்டு நாட்டுக்கும் தலைநகரம் வேறெங்கோ (கனடாவுக்கு ஒட்டாவா, அவுஸ்திரேலியாவுக்குக் கன்பரா) இருப்பது பொது அறிவுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் தெரிந்த சங்கதி. இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. இலங்கையின் தலைநகரம் எது என்றால் கொழும்பு என்று சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை என்று திருத்துகிறவர்கள்தானே நாம்.

இப்போது அந்தச் சின்னத் தலைநகரங்களிலிருந்தும் பிள்ளைகளுக்கு அனுமதிக் கடிதம் வருகிறது. ஒட்டாவாப் பல்கலைக்கழகம், அதே ஊரில் கார்ல்டன் பல்கலைக்கழகம், கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம். கடிதம் வந்த வீட்டில் முதலில் நடப்பது நாடுகளுக்கிடையிலான போட்டி: கனடாவா, அவுஸ்திரேலியாவா? அந்தக் கேள்வியே பிழை என்பது என் அபிப்பிராயம். இவ்வளவு பெரிய தேசங்களில் நாட்டின் பெயரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த ஊர், அதற்கு அடுத்த ஊர் எவ்வளவு தூரம், தை மாதத்தில் அங்கே வெளியே நடக்க முடியுமா என்பதுதான் வாழ்க்கை.

அண்மையில் தெரிந்த அன்ரி ஒருவர் கேட்டார். "தம்பி, மகளுக்கு ஒட்டாவாவில கிடைச்சிருக்கு. ரொறன்ரோவில, ஸ்காபரோவில எங்கட அண்ணா இருக்கிறார். அங்க நிண்டு போய்வரலாம்தானே?"

"அன்ரி, அது கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போறதைவிடத் தூரம்."

"ஒரே மாகாணம் எண்டு சொன்னாங்களே?"

ஒரே மாகாணம்தான். ஒன்ராறியோ. அந்த ஒரு மாகாணமே இலங்கையைப் போலப் பதினாறு மடங்கு. கனடா முழுவதும் ஏறத்தாழ 99 இலட்சத்து 84 ஆயிரம் சதுர கிலோமீற்றர்; பரப்பளவில் ரஷ்யாவுக்கு அடுத்தது. அவுஸ்திரேலியா கிட்டத்தட்ட 77 இலட்சம், உலகில் ஆறாவது. நம்முடையது 65,610. கனடாவுக்குள் இலங்கையை 150 தடவைக்கு மேல் போடலாம், அவுஸ்திரேலியாவுக்குள் 117 தடவை. அவுஸ்திரேலியாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற தஸ்மேனியா தனியாகவே நம் நாட்டைவிடச் சற்றுப் பெரியது. அங்கே 6 இலட்சம் பேர்கூட இல்லை. சனத்தொகையைப் பார்த்தால் கணக்கு தலைகீழ். கனடாவில் 4 கோடிக்குச் சற்று மேல், அவுஸ்திரேலியாவில் சுமார் 2 கோடியே 70 இலட்சம், நாம் இந்தச் சின்னத் தீவுக்குள் 2 கோடிக்கு மேல்.

ஆக இரண்டுமே பெரும்பாலும் வெற்றிடம். வெற்றிடம் எங்கே என்பதில்தான் வித்தியாசம். கனடாக்காரர் வடக்கைக் கைவிட்டவர்கள். மேலே போகப் போகப் பழம் பாறையும் ஏரியும் உறைநிலமும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். அவுஸ்திரேலியர் நடுவைக் கைவிட்டவர்கள். உள்ளே தண்ணீர் இல்லை. மழையைக் கிழக்கு மலைத்தொடர் கரையோரத்திலேயே வாங்கிவிடுகிறது, சனமும் கரையிலேயே நின்றுவிட்டது. ஒட்டாவா அந்த நாட்டின் நெரிசலான பட்டைக்குள்ளேயே வருகிறது: மொன்றியல் 200 கிலோமீற்றர், ரொறன்ரோ 450. கன்பரா கரையை விட்டு உள்ளே தள்ளி, கடல் மட்டத்திலிருந்து 580 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கிடையில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு நகரங்களில் அதுவே பெரியது. சிட்னி 280 கிலோமீற்றர், ஏறக்குறைய நமக்குத் திருகோணமலை இருக்கிற தூரம்; அந்த வீதியில் மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மெல்பேர்ன் 660.

இந்த இரண்டு ஊரும் தலைநகரமான விதம் ஒரே வகை. பெரிய ஊர்கள் சண்டை பிடித்தன, வேறொரு ஊர் பரிசை வாங்கிக்கொண்டு போனது.

கனடாவில் கிங்ஸ்ரன், மொன்றியல், ரொறன்ரோ, கியூபெக் நகரம் என்று தலைநகரம் மூட்டை முடிச்சோடு அலைந்தது. மொன்றியலில் 1849 இல் கலகக்காரர் பாராளுமன்றக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். கடைசியில் விக்டோரியா மகாராணியிடம் தீர்ப்புக் கேட்க, 1857 முடிவில் அவர் ஒட்டாவாவைத் தெரிவு செய்தார். அப்போது அது மரம் தறித்து ஆற்றில் விடுகிற முரட்டு ஊர். 1855 வரை பைற்றவுன் என்றுதான் பெயர். ஆனால் நல்ல காரணங்கள் இருந்தன. அமெரிக்க எல்லையிலிருந்து தள்ளி இருந்தது. ஆங்கிலம் பேசுகிற பக்கமும் பிரெஞ்சு பேசுகிற பக்கமும் சந்திக்கிற ஆற்றங்கரையில் இருந்தது. இன்றும் பாராளுமன்றக் குன்றில் நின்று ஆற்றின் அக்கரையைப் பார்த்தால் தெரிவது கற்றினோ, கியூபெக் மாகாணம். ஒரு பாலத்தைக் கடந்தால் வீதிப் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறிவிடும். 1969 இல் உத்தியோக மொழிச் சட்டம் வந்த பிறகு மத்திய அரசின் கந்தோரில் உங்களை வரவேற்பதே இரண்டு மொழியில்தான். மொழிச் சட்டங்களோடு வளர்ந்த நமக்கு இதைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்க முடிகிறது. (கியூபெக்கில் இருப்பவரைக் கேட்டால் அவர் வேறு கதை சொல்வார், அது தனி அலசல்.)

அவுஸ்திரேலியாவில் சண்டை சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும். 1901 இல் கூட்டாட்சி பிறந்தபோது யாப்பின் 125 ஆம் பிரிவிலேயே சமரசத்தை எழுதிவிட்டார்கள்: தலைநகரம் சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்கலாம், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குள் வரக்கூடாது, அதுவரை பாராளுமன்றம் மெல்பேர்னில் கூடும். சந்தேகம் எவ்வளவு முற்றியிருந்தால் மைல் கணக்கு யாப்பில் ஏறும்! 1908 இல் இடம் முடிவானது. 1912 இல் உலகளாவிய போட்டி வைத்து வரைபடம் தெரிந்தார்கள். வென்றவர் சிக்காகோவைச் சேர்ந்த வோல்ற்றர் பேர்லி கிரிஃபின், அதுவரை அந்த நிலத்தைக் கண்ணால் கண்டதில்லை. அருமையான வரைதல்கள் அவருடைய மனைவி மரியன் மகோனியின் கைவேலை. 1913 மார்ச்சில் பெயர் சூட்டினார்கள். "தற்காலிகமாக" மெல்பேர்னில் கூடிய பாராளுமன்றம் 26 வருடம் கழித்து, 1927 இல்தான் கன்பராவுக்கு இடம்பெயர்ந்தது. கிரிஃபின் வரைந்த ஏரியில் தண்ணீர் நிரம்ப 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் 1982 இல் பாராளுமன்றத்தைத் தியவன்னா ஓயாவுக்குக் கொண்டுபோனோம். கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் சுமார். அமைச்சுகள் பல கொழும்பிலேயே தங்கிவிட்டன. கொள்ளுப்பிட்டியில் 177 இல் ஏறிக் கடுவெல போகிறவருக்கு இராஜகிரியவில் தலைநகரம் தொடங்கியது தெரியவே தெரியாது. கன்பராவில் அப்படித் தவறவிட முடியாது. ஏன்ஸ்லி மலையிலிருந்து பார்த்தால் போர் நினைவகம், செம்மண் நிறச் சரளை விரித்த அன்சாக் பரேட் வீதி, ஏரி, வெள்ளைநிறப் பழைய பாராளுமன்றம், அதன் பின்னால் 1988 இல் திறந்த புதிய பாராளுமன்றம், எல்லாம் நூல் பிடித்த ஒரே கோட்டில். புதிய கட்டடத்தைக் குன்றுக்குள் புதைத்து மேலே புல் வளர்த்திருக்கிறார்கள். உச்சியில் 81 மீற்றர் கொடிக்கம்பம். அழகுதான். ஆனால் வரைந்து கட்டிய ஊருக்கு உரிய குறை அங்கே உண்டு: எல்லாம் தள்ளித் தள்ளி, கார் இல்லாவிட்டால் பின்னேரம் சலிப்புத் தட்டும். 2021 கணக்கெடுப்பில் அந்தத் தலைநகரப் பிரதேசத்தின் மக்கள் 4 இலட்சத்து 54 ஆயிரம்தான். ஒட்டாவாவில் 10 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்தால் 15 இலட்சத்துக்கு அருகில். நகரம் என்ற சொல்லுக்கு ஒட்டாவாதான் கூடப் பொருத்தம்.

இனிக் குளிர். இங்கேதான் பெரும்பாலானவர்கள் முடிவெடுக்கிறார்கள், எடுக்கவும் வேண்டும்.

ஒட்டாவாவில் ஜனவரி இரவின் சராசரி கழித்தல் 14 பாகை. பகலில்கூடப் பூச்சியத்துக்குக் கீழேதான். ஒரு குளிர்காலத்தில் விழுகிற பனியைக் கூட்டினால் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். டிசம்பர் கடைசியில் பகல் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. வருடம் முழுவதும் ஆறரைக்கு இருட்டிப் பழகிய கொழும்புப் பிள்ளைக்குப் பின்னேரம் நாலரைக்கு வருகிற இருட்டு, பனியைவிடக் கொடியது. அங்கத்தைய சனம் குளிரைக் கொண்டாடப் பழகியிருக்கிறது. ஊருக்கு நடுவே ஓடுகிற ரிடோ கால்வாயைப் பாருங்கள். அமெரிக்கரோடு 1812 இல் தொடங்கிய போருக்குப் பிறகு, அவர்கள் சென் லோரன்ஸ் ஆற்றை மறித்தால் மாற்றுவழி வேண்டும் என்று பிரித்தானிய இராணுவம் வெட்டியது. 1832 இல் முடிந்தது, 202 கிலோமீற்றர் நீளம். எதிரி வரவேயில்லை. இப்போது குளிர்காலத்தில் அது உறைய, ஊருக்குள் வருகிற 7.8 கிலோமீற்றரும் பனிச்சறுக்குத் திடலாகிவிடும். கந்தோர் போகிறவர் முதுகுப்பையோடு சறுக்கிக்கொண்டு போவார். கரையோரக் கடையில் மாவைத் தட்டையாக இழுத்துப் பொரித்து, மேலே கறுவாத் தூளும் சீனியும் தூவித் தருவார்கள். இலங்கைக் கறுவாவாக இருந்தால் நமக்கும் பெருமை. 2023 இல் மட்டும் ஐஸ் போதிய தடிப்புக்கு வராமல், அந்தத் திடல் வரலாற்றிலேயே முதல் தடவையாகப் பருவம் முழுக்கத் திறக்கவில்லை.

கன்பராவில் குளிர் ஜூலையில். பகல் 12 பாகை, இரவு பூச்சியத்துக்குக் கிட்ட. காலையில் புல்லில் உறைபனி இருக்கும், நகருக்குள் பனி கொட்டுவது அபூர்வம். நுவரெலியாவில் ஏப்ரலுக்கு நின்ற அனுபவத்தை வைத்துக்கொண்டு போனால் போதாது. ஆனால் ஒரு தடித்த ஜாக்கெட்டோடு சமாளிக்கலாம். ஒரு வேடிக்கை: வீட்டுக்குள் அதிகம் குளிர்வது கன்பராவில்தான் என்று அங்கிருப்பவர்கள் முறையிடுவார்கள். ஒட்டாவா வீடுகள் குளிருக்காகவே கட்டப்பட்டவை, உள்ளே சேர்ட்டோடு இருக்கலாம். கன்பராவின் பயம் வேறு: கோடையின் காட்டுத்தீ. 2003 ஜனவரி 18 இல் தீ புறநகருக்குள் புகுந்து நான்கு பேர் இறந்தார்கள், ஐந்நூறு வீடுகள் வரை அழிந்தன.

வீட்டோடு பேசுவது பற்றி ஏஜென்சியில் யாரும் சொல்வதில்லை. பிள்ளை ஒட்டாவாவில் பின்னேரம் ஆறு மணிக்கு அறைக்கு வந்தால் கொழும்பில் விடியப்புறம் மூன்றரை அல்லது நாலரை. கன்பராவில் அதே ஆறு மணி நமக்கு மதியம் ஒன்றரை, கோடை நேரத்தில் பன்னிரண்டரை. சோறு போட்டபடி அம்மா பேசலாம். ஒட்டாவாப் பிள்ளையோடு பேச அவளுடைய காலையைப் பிடிக்க வேண்டும். அங்கே எட்டு மணி, இங்கே மாலை ஐந்தரை அல்லது ஆறரை. விரிவுரைக்கு ஓடுகிற நேரத்தில் என்ன பேச்சு?

பயணமும் அப்படியே. மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானம் உண்டு. சிட்னி விமான நிலையத்திலேயே கன்பரா பஸ்ஸில் ஏறலாம் (ரயிலும் இருக்கிறது, பஸ்ஸைவிட மெதுவாக ஊரும்). கனடாவுக்கு வழியில் ஒரு தடவையாவது விமானம் மாறாமல் முடியாது.

வேலை விஷயத்தில் இரண்டு ஊரும் அரசாங்க ஊர். சம்பளம் நல்லது, வாடகையும் அதற்கேற்ற மாதிரி. கன்பராவில் மத்திய அரசு வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள். கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒட்டாவாவில் பல பதவிகளுக்குப் பிரெஞ்சும் வேண்டும். கன்பராவில் வீடு வாங்குகிற காலம் வந்தால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: அங்கே நிலம் அரசுடையது, வாங்குகிறவருக்குக் கிடைப்பது 99 வருடக் குத்தகை. நமக்கு அந்த எண்ணைக் கேட்டதும் அம்பாந்தோட்டைத் துறைமுகம்தான் ஞாபகம் வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஊர் முழுக்க அப்படித்தான் வாங்கி விற்கிறார்கள்.

நம்மாட்கள், கோயில், இடியப்பம் என்று பார்த்தால் இரண்டுமே இரண்டாந்தரம். கனடாவில் எல்லாம் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம். அவுஸ்திரேலியாவில் சிட்னியின் மேற்குப் புறநகர்களிலும் மெல்பேர்னிலும். கன்பராவிலிருந்து வெள்ளி பின்னேரம் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குச் சிட்னி உறவினர் வீட்டில் இருக்கலாம். ஒட்டாவாவிலிருந்து ஸ்காபரோ, பனிக்காலத்தில், அப்படிப் போகிற தூரமல்ல.

எனக்குப் பிடித்த ஊர் ஒட்டாவா. ஆறு, கால்வாய், இரண்டு மொழி, பழைய சந்தை, நடந்து திரிய ஒரு நகர நடு. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்புவதென்றால் கன்பராவைத்தான் சொல்வேன். குடும்பமாகக் குடியேறுகிறவர், பிள்ளைகளைப் பிரெஞ்சும் படிக்க வைக்க விருப்பமுள்ளவர், முதல் இரண்டு குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துத் தாண்டக்கூடியவர் ஒட்டாவாவுக்குப் போகட்டும். ஸ்காபரோ மாமாவை நம்பி மட்டும் ஒட்டாவாவைத் தெரிவு செய்வதென்றால், அதைவிட ரொறன்ரோவிலேயே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.