கைவேலை பித்தளை விளக்கு என்று 27,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இரும்பைத் தந்தார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் வாசலுக்குமாக ஆறு பித்தளை சுவர் விளக்கு செய்யக் கொடுத்தோம். 27,000 ரூபாய் போச்சு. வடசென்னைப் பக்கம் யாராவது இப்படி ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முழுசாகப் படியுங்கள், எதையெல்லாம் பார்த்து வாங்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆன்லைனில் படம் போட்டு ஆர்டர் பிடிக்கும் ஒரு பட்டறை. நேரில் போனபோது பெரியவர் ஒருவர் மரக்கட்டை மேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஓனர் ஒரு துண்டை எடுத்து அரத்தால் தேய்த்து என் கையிலேயே கொடுத்தார். "பாருங்க அக்கா, உள்ளேயும் மஞ்சள்தான்." உண்மைதான், அந்தத் துண்டு அசல் பித்தளை. அதைப் பார்த்துத்தான் அங்கேயே 15,000 அனுப்பினேன். டெலிவரிக்கு முன்னால் மீதி 12,000.

மாட்டிய கொஞ்ச நாளிலேயே வாசல் விளக்கில் துளை போட்ட ஓரமெல்லாம் செம்பழுப்பாகத் துரு. வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. போன் செய்தால், "கடல் காத்துக்குப் பித்தளை அப்படித்தான் ஆகும் அக்கா" என்கிறார். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? பித்தளை கறுக்கும், பச்சையாகக் களிம்பு ஏறும். செம்பழுப்புத் துரு இரும்புக்குத்தான் வரும். அம்மாவின் குத்துவிளக்கும் இதே காற்றில்தான் இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுகிறது.

ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புத் தகட்டுக்குப் பித்தளை முலாம்! ஆறையும் வரிசையாக வைத்தால் சுத்தியல் தடம் எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில். கையால் தட்டினால் அப்படி வருமா? டை என்கிற அச்சை வைத்து அடித்த சரக்கு. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தால் எர்த் வயரே இல்லை, ஹோல்டர் வயர் தகட்டு ஓரத்தில் உரசித் தோல் கிழிந்திருக்கிறது. குழந்தை இருக்கிற வீடு இது.

காந்தத்தோடு வீடியோ எடுத்து அனுப்பினேன். "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்." அப்புறம், "தகடு சப்ளையர் கொடுத்தது, நாங்க என்ன பண்றது?" அப்புறம், "பாலிஷ் போட்டுத் தர்றோம், 3,000 ஆகும்." 27,000 வாங்கியவர் மேலும் 3,000 கேட்கிறார்! இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

சரி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காந்தத்தைச் சாம்பிளில் வைக்காதீர்கள், வந்து இறங்கிய ஒவ்வொரு விளக்கிலும் வையுங்கள். பில்லில் 'முழுப் பித்தளை' என்று எழுதி வாங்குங்கள். சரக்கைப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். எர்த் வயர் இல்லாத உலோக விளக்கை மாட்டவே மாட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். 27,000 ரூபாய், சும்மா விடப் போவதில்லை.