எட்டு சனிக்கிழமைச் சமையல் வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பள்ளியில், வெளியிலிருந்து வரும் ஒரு குழுவினர் எட்டு சனிக்கிழமைகள் சமையலும் ஊட்டச்சத்தும் கற்றுக்கொடுத்தார்கள். கட்டணம் 800 ரூபாய்.

முதல் வாரம் அடுப்பையே பற்ற வைக்கவில்லை. சிப்ஸ், நூடுல்ஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்று சொல்லி, அந்த உப்பைத் தராசில் நிறுத்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் குவித்து வைக்கச் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது என்றால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம் போதுமே என்று கணக்குப் போட்டு, "நம்ம வீட்டுல ஒரு கிலோ பாக்கெட் மாசக் கடைசி வரைக்கும் வர்றதில்லையே, அம்மா?" என்று கேட்டாள். மாவடு போட்ட உப்பைக் கழித்துப் பார்த்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

சமையல் பட்டியலும் மண்ணுக்கு ஏற்றதாகவே இருந்தது. நம் வீடுகளில் வைக்கும் அரிசியும் பருப்பும் சாதத்தையும், மலையாள வீடுகளின் கஞ்சியையும் சிறுபயறையும் ஒரே நாளில் சமைக்க வைத்து, அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் (உடலுக்குத் தேவையான ஓர் அமினோ அமிலம்) பருப்பில் நிறைய இருப்பதால் இரு வீட்டாரின் சேர்க்கையும் நல்ல பொருத்தம் என்று விளக்கியிருக்கிறார்கள். கீரையை நறுக்கும் முன்பே கழுவுவதும், பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும் என்பதும் இப்போது அவளுக்குப் பழக்கமாகிவிட்டன. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்று அவள் அப்பாவைத் தடுப்பது மட்டும் இன்னும் பலிக்கவில்லை.

குறைகளும் உண்டு. இருபத்தாறு பிள்ளைகளுக்கு இரண்டே அடுப்புகள் என்பதால், கரண்டி பிடித்தவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்களே அதிகம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் செய்முறைத் தாள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைத்தது. மகள் அதை எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழாம் வாரம் செய்த ராகி பிஸ்கட்டில் மாவுக்குப் பாதி சர்க்கரை. ராகி என்ற பெயருக்காக அதைச் சத்துணவு என்பதை, முதல் வாரம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கப் பழகிய பிள்ளைகள் எப்படி ஏற்பார்கள்? நல்லவேளை, மகளே அதைக் கேட்டிருக்கிறாள்.

அடுத்த ஆண்டு இரண்டு அடுப்புகளைக் கூட்டி, தமிழிலும் தாள் கொடுத்தால், ஏழாம் வகுப்பில் இருக்கும் மகனையும் சேர்ப்பேன்.