மிளகுக் கறிக்கு ஏற்ற அமரோனே

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுக்கறியை மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்காவாக வறுத்தால், அதனுடன் குடிக்க இதைவிடப் பொருத்தமான சிவப்பு ஒயின் எனக்குக் கிடைத்ததில்லை. ஸ்பெரி குடும்பத்தாரின் சாந்த் உர்பானோ அமரோனே அது. அமரோனே என்பது வாடவைத்த திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். இத்தாலியில் வெரோனா பக்கத்து வல்போலிசெல்லா மலைச்சரிவில் 1874 முதல் ஒயின் செய்துவரும் குடும்பம் இது.

கொர்வினா, ரொந்தினெல்லா வகைத் திராட்சைகளைப் பறித்ததும் பிழிவதில்லை. காற்றோட்டமான பரணில் தட்டுத்தட்டாகப் பரப்பி 100, 120 நாள் வாடவிடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். “அப்போ இனிக்குமே?” என்று மச்சான் கேட்டார். இனிக்காது. சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் நொதித்துச் சாராயமாகிவிடுகிறது. அதனால்தான் இதன் வலு 15 சதவீதத்தைத் தொடுகிறது. நொதிப்பைப் பாதியில் நிறுத்தினால் கிடைப்பது ரெச்சோத்தோ என்ற இனிப்பு ஒயின்.

ஊற்றியவுடன் குடித்துவிடாதீர்கள். முதலில் அத்திப்பழமும் காய்ந்த செர்ரியும் மட்டும்தான் மணக்கும். ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் கிராம்பு, புகையிலை, கறுப்பு சாக்லேட் என்று ஒவ்வொன்றாக எழும். வாயில் கனமாக இறங்கும். ஆனால் கடைசியில் ஒரு புளிப்பு வந்து கறியின் கொழுப்பை அப்படியே துடைத்துவிடும். அந்தப் புளிப்புக்காகவே அடுத்த வாய் கறி கேட்கும். மீன்தலைக் கறியோடு மட்டும் வேண்டாம். புளியும் மிளகாயும் இந்தச் சாராயமும் சேர்ந்தால் தொண்டை எரியும். சுக்காவிலும் வரமிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள்.

நம் ஊரில் வீட்டு வெப்பமே 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் முகத்தில் அடிக்கும். குளிர்பெட்டியில் வைத்துச் சற்றுக் குளிரவிட்டு எடுத்தால் சரியாக இருக்கும். வாங்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் சன்னல் ஓரத்தில் விலையுயர்ந்த போத்தல்களை அடுக்கியிருந்த ஒரு கடையிலிருந்து நான் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

விலை 100 வெள்ளிக்கு மேல். அதில் வரி மட்டும் கணிசம்: ஒயினில் உள்ள சாராயத்துக்கு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை என்பதால் ஒரு போத்தலுக்குக் கிட்டத்தட்ட 10 வெள்ளி, அதற்குமேல் ஜிஎஸ்டி. மீதி விலையை நான் குறை சொல்லமாட்டேன். வாடிச் சுருங்கிய பழத்தில் சாறு கொஞ்சம்தான் வரும். அப்புறம் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தனியாகத் திறக்க வேண்டாம். நாலு பேர் கறியோடு உட்கார்ந்தால் ஒரு போத்தல் போதும். இவ்வளவு பணம் போடத் தயக்கமா? இதே குடும்பத்தின் ரிப்பாசோவை வாங்குங்கள். அமரோனே பிழிந்த சக்கையின்மேல் சாதாரண வல்போலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்கவைப்பது அது. விலை வெகுவாகக் குறைவு, கறிக்கும் நன்றாகவே சேரும்.