திரைச் சுவரா, இழுப்பறைச் சுவரா: நாங்கள் ஏன் மரத்தை எடுத்தோம்

எங்கள் நூலகத்தின் முன்கூடத்தை மாற்றியமைக்க ஒரு சின்னக் குழு போட்டார்கள், அதில் நானும் இருந்தேன். வருகிறவர்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், இன்னொன்றை எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்தக் கூடம் அவர்களுக்கு வெறும் வழி. கொஞ்சம் நின்று, எதையாவது தொட்டுப் பார்த்து, இது நம்ம இடம் என்று நினைக்கிற மாதிரி அதை ஆக்க வேண்டும் என்பதுதான் வேலை. இதற்கு அனுபவ வடிவமைப்பு என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது சுவர் ஓவியம். பார்க்க அழகு, செலவும் குறைவு, ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து யார் கண்ணிலும் படாது. அதை அதோடு விட்டுவிட்டோம். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

ஒன்று திரைச் சுவர். மேலே ப்ரொஜெக்டர், பக்கத்தில் சென்சார். நீங்கள் நடந்து வந்தால் புத்தகத் தலைப்புகள் பறவைக் கூட்டம் மாதிரி விலகும், கை நீட்டினால் ஒன்று கையில் வந்து உட்காரும். மாதிரிக் காட்சியைப் பார்த்தபோது நானே வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

இன்னொன்று இழுப்பறைச் சுவர். நூற்றிருபது சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் வெற்றுச் சீட்டும் பென்சிலும். படித்த புத்தகத்தைப் பற்றி அடுத்தவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். கூடவே, கட்டடத்தின் மர மாதிரி ஒன்று இடுப்பு உயரத்தில், கையால் தடவிப் பார்த்தே எந்த அறை எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம், தரையோடு பிணைக்காத நாற்காலிகள். பேப்பரில் பார்த்தால் சுவாரசியமே இல்லாத யோசனை.

நாற்காலியை மட்டும் லேசாக நினைக்க வேண்டாம். 1970களில் வில்லியம் ஒயிட் என்பவர் நியூயார்க்கின் பொதுச் சதுக்கங்களில் கேமராவை வைத்து மக்கள் எங்கே எப்படி உட்காருகிறார்கள் என்று படம்பிடித்துக் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் அதைச் சில அங்குலமாவது தள்ளிப் போடுகிறார்கள், வெயிலோ நிழலோ காரணமே இல்லாமல்கூட. அந்த நகரத்து பிரையன்ட் பூங்கா 1992ல் மறுபடி திறந்தபோது நகரும் நாற்காலிகளைத்தான் போட்டார்கள், இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சில அங்குலம் எதற்கு என்று யோசித்தால், இடத்தில் நம் கை பட வேண்டும், அவ்வளவுதான்.

திரைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். முதல் நாள் கூட்டம் சேர்ப்பதில் அதை அடிக்க ஆளில்லை. உள்ளடக்கத்தை மாற்றலாம், மொழியை மாற்றலாம். சிகாகோவின் கிரவுன் நீரூற்று 2004ல் திறந்தது. ஐம்பதடி உயரத்தில் இரண்டு கண்ணாடிக்கல் கோபுரங்கள், எல்.இ.டி. திரையில் அந்த ஊர்க்காரர்கள் சுமார் ஆயிரம் பேரின் முகங்கள் மாறி மாறி வரும், வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். குழந்தைகள் அதில் நனைந்து ஆடுகிறார்கள். ஆனால் அங்கே பாதி வேலையைத் தண்ணீர் செய்துவிடுகிறது என்பது என் கட்சி. அதோடு, பெரிய பூங்கா, பராமரிக்க ஆள் இருக்கும்.

எங்களிடம் அந்த ஆள் இல்லை. முடிவு அங்கேதான் ஆனது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண ப்ரொஜெக்டர் விளக்கு 2,000 முதல் 4,000 மணி நேரம் வரும். நூலகம் தினம் பத்து மணி நேரம் திறந்திருந்தால் 200 நாளிலிருந்து 400 நாள். லேசர் வகைக்கு 20,000 மணி நேரம் என்பார்கள், அதாவது ஐந்தரை வருடம், ஆனால் அது முடியும்போது வெளிச்சம் பாதியாகியிருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கின் அர்த்தமே. சரி, விளக்கை மாற்றிக்கொள்ளலாம். அதைச் சுற்றியிருக்கிறவற்றை என்ன செய்வது? ஆள் அசைவை உணரும் நிறுவல்களுக்குப் பலரும் நம்பியிருந்த கினெக்ட் கேமரா 2010ல் வந்தது, 2017ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் எழுதிய காட்சிகளுக்கு 2020ன் கடைசி நாளோடு ஆதரவு போயிற்று. சுவர் அப்படியே நிற்கும், கம்பி அப்படியே இருக்கும், ஆனால் உதிரிபாகம் கிடைக்காது, எழுதிக்கொடுத்த ஆளும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

முடிவெடுக்கும் முன் இன்னொரு நூலகத்துக்குப் போய் அங்கிருந்த டச் ஸ்க்ரீனைப் பார்த்தோம். கறுப்பாக இருந்தது. ஓரத்தில் "பழுது" என்று எழுதி ஒட்டிய காகிதம், அதன் டேப்பே மஞ்சளாகிப் போயிருந்தது. ஒரு பையன் வந்து இரண்டு முறை விரலால் தட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தான், அம்மா "வா" என்றார். இந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை என்பதை அவ்வளவு பெரிய எழுத்தில் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. வெறும் சுவராக இருந்திருந்தால்கூட அந்த ஏமாற்றம் இல்லை.

நாங்கள் இழுப்பறைச் சுவரையே எடுத்தோம். இங்கே என்ன ஆயிற்று? முதல் மழைக்காலத்தில் மரம் உப்பி ஏழெட்டு இழுப்பறைகள் இறுகிவிட்டன. உதவியாளர் ஒருவர் அவற்றை உருவியெடுத்து அடிக்கட்டையில் மெழுகுவத்தியைத் தேய்த்து மறுபடி தள்ளினார், ஓடியது. யாருக்கும் போன் போடவில்லை. ஒன்றின் கைப்பிடி கழன்று இப்போது கயிறு கட்டியிருக்கிறோம், அதைத்தான் பிள்ளைகள் முதலில் இழுக்கிறார்கள்!

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஒரு சீட்டை. குழந்தைக் கையெழுத்து: "இந்தக் கதையில் நாய் சாகாது. பயப்படாம படி." அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "நன்றி". எழுதிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. மர மாதிரியில் வாசலுக்குப் பதித்த பித்தளைக் குமிழ் விரல் பட்டுப் பட்டுத் தனியாக மின்னுகிறது. பார்வையற்ற வாசகர் ஒருவர் படிக்கட்டு எத்தனை என்று அதிலேயே எண்ணிவிட்டு நேராக மாடிக்குப் போனார்.

அசைகிற பாகமே இல்லாத ஒன்றும் மனிதரைப் பிடித்து நிறுத்தும் என்பதற்கு வாஷிங்டனில் 1982ல் எழுந்த வியட்நாம் நினைவுச் சுவரைப் பார்த்தால் போதும். மாயா லின் வடிவமைத்தது. பளபளப்பான கருங்கல், வியட்நாம் போரில் இறந்த, காணாமல்போன அமெரிக்கப் படையினரின் 58,000க்கு மேல் பெயர்கள், பெயரைப் பார்க்கிறவரின் முகமும் கல்லில் தெரியும். வருகிறவர்கள் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தங்கள் மனிதரின் பெயரை எடுத்துப் போகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஒன்றரை வருட அனுபவம்தான், அதுவும் ஒரே கூடத்தில், பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிற ஆட்களோடு. ஒரே ஒரு முறை கடந்து போகிற விமான நிலையத்திலோ, மூன்று நாள் கண்காட்சியிலோ இந்தக் கணக்கு செல்லுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஸ்டாக்ஹோமில் 2009ல் ஒரு சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டைப் பியானோ மாதிரி ஒலிக்க வைத்தார்கள், எஸ்கலேட்டரை விட்டுவிட்டு ஜனங்கள் படியேறினார்கள். குறுகிய கால விளம்பர ஏற்பாடு என்பதால் நூறாவது நாள் என்ன ஆகும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றால் நானும் திரைக்குத்தான் கை தூக்குவேன். சம்பளத்துக்கு ஒரு தொழில்நுட்ப ஆள் உள்ளேயே இருந்தாலும் யோசிப்பேன்.

மரத்திலும் தலைவலி இல்லாமல் இல்லை. மாதிரியை இன்னும் ஒரு சாண் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும், வீல்சேரில் வருகிறவர்களுக்கு மேல்மாடிப் பகுதி எட்டுவதில்லை. பென்சில்கள் காணாமல் போகின்றன. இழுப்பறைகள் நிரம்பிவிட்டால் சீட்டுகளை என்ன செய்வது என்று குழுவில் யாருமே முன்கூட்டி யோசிக்கவில்லை. தூக்கிப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. இப்போதைக்குக் கவுன்டருக்குப் பின்னால் மூன்று செருப்புப் பெட்டிகளில் கிடக்கின்றன, நாலாவதுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.