ஆறாம் நிலை வழுக்கைக்கு ஏழெட்டு வருஷ வைத்தியம்: என் அனுபவம்

எனக்கு வயது 54. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டும்போதே நெற்றி ஏறி, உச்சி வழுக்கையோடு சேர்ந்துவிட்டது. காதுக்கு மேலே இருபுறமும் பிடரியிலும் மட்டும்தான் முடி. ஆண் வழுக்கையை 1 முதல் 7 வரை பிரிக்கிற நார்வுட் அளவுகோலில் இது 6. முப்பது வயதில் லேசாக நெற்றி ஏறியவருக்குச் சொல்கிற யோசனை வேறு, நம்மைப் போன்றவர்களுக்கு வேறு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் நம் வயதுக்காரர்கள் பணத்தை விட்டுவிட்டு வெறுத்துப் போகிறார்கள்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தாலே இது குடும்பத்தோடு வருவது என்று தெரியும். அம்மா வழியில்தான் வரும் என்பார்கள். அந்த வழிக்குப் பங்கு அதிகம்தான், ஆனால் அப்பா வழியிலிருந்தும் வரும், பல ஜீன்கள் சேர்ந்த விஷயம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்கிற ஹார்மோன், முன்பக்க, உச்சி முடிவேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது. பிடரி முடிக்கு அந்தப் பாதிப்பு அவ்வளவாக இல்லை. அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் தன் குணத்தோடேயே வளரும் என்று 1959-இல் நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார். இன்றைய முடி நடவு எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

நான் முதலில் தொடங்கியது மருந்துகள். மினாக்ஸிடில் 5 சதவீதம், காலையும் இரவும் ஒரு மில்லி. ரத்த அழுத்த மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. ஆரம்பித்த சில வாரத்தில் முடி கூடுதலாகக் கொட்டும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், பழைய முடி விழுந்து புதிது வருவதற்கான கொட்டல்தான் அது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் திரவத்தைத் தடவிக்கொண்டு கடையில் உட்கார்ந்தால் வியர்வையோடு வழிந்து காதோரம் பிசுபிசுக்கும், அரிக்கும். அதில் கலந்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறியதும் அரிப்பு நின்றது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விடவில்லை. சீயக்காய் போட்டு அலசி, தலை நன்றாகக் காய்ந்தபின் மருந்தைத் தடவினால் சரி, எண்ணெய்த் தலையில் தடவுவது வீண்.

எண்ணெய் என்றதும் ஒன்று. எங்கள் பக்கத்து ஆச்சிமார் கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சும் தேங்காய் எண்ணெயின் மணத்துக்கும் குளிர்ச்சிக்கும் ஈடு கிடையாது. இருக்கிற முடி உடையாமல் இருக்க உதவும். ஆனால் டிஹெச்டியால் சுருங்கிய வேரை அது எழுப்பாது.

அடுத்தது ஃபினாஸ்டிரைட் 1 மில்லிகிராம், தினம் ஒன்று. அமெரிக்காவில் 1997-இல் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மாத்திரை. டிஹெச்டி உண்டாவதையே குறைக்கும். ஆனால் போன முடியைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதைக் காக்கும். சிறு பங்கினருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வும் வரலாம். இதை மனைவியிடம் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. எனக்கு முதல் சில மாதம் லேசாகத் தெரிந்து, பிறகு சரியாகிவிட்டது. சரியாகாதவர்களும் உண்டு, அவர்கள் பொறுத்துக்கொண்டு தொடராமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானமும் கூடாது.

நம் வயதுக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. புராஸ்டேட்டைப் பார்க்க எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் அளவை இந்த மாத்திரை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும். மாத்திரை எடுப்பதைச் சொல்லாமல் பரிசோதித்தால், வந்த எண்ணைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் தொடங்கும் முன்பே ஒருமுறை பிஎஸ்ஏ எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முழு உடல் பரிசோதனையிலும் சீட்டின் மேலேயே மாத்திரையின் பெயரை எழுதச் சொல்கிறேன். பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளராது, தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளை மட்டும் குழப்பும்.

பிஆர்பி என்று நம் ரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்களைத் தலையில் ஊசி போடுகிறார்கள். மெலிந்த முடிக்கு ஓரளவு பயன் உண்டு. வழுவழுவென்று ஆகிவிட்ட உச்சியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

செயற்கை முடி, அதாவது ஹேர் பேட்ச், சில காலம் ஒட்டியிருந்தேன். பார்க்க உடனே பலன் தருவது இது ஒன்றுதான், 7-ஆம் நிலையில் பிடரி முடியும் குறைந்தவருக்கு நல்ல வழி. ஆனால் இங்குள்ள வெப்பத்தில் பசை இளகி நெற்றி ஓரம் சிவந்து புண்ணாகும். மூன்று நாலு வாரத்துக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்து ஒட்ட மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. தேவகோட்டையில் என் மச்சான் பசையை விட்டுவிட்டு கிளிப் வைத்ததைப் போடுகிறார். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடலாம், அவருக்கு நிறைவாக இருக்கிறது.

முடி நடவுக்கு மதுரையிலும் திருச்சியிலும் விசாரித்தேன். ஓர் இடத்தில், ஒரே நாளில் 5000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) வைத்துத் தலை முழுக்க நிரப்பிவிடலாம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை என்றார்கள். பேசியவர் டாக்டர் இல்லை, என் பிடரியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் டாக்டரம்மா, "சார், முன்னாடி என்ன இல்லைன்னு தெரியுது. பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கணும், திரும்பி உட்காருங்க" என்று சொல்லி, உருப்பெருக்கியை வைத்து இடம் இடமாக அடர்த்தி பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கே 6000, மிஞ்சினால் 8000 கிராஃப்ட்தான் எடுக்க முடியுமாம். 6-ஆம் நிலைத் தலையை அடர்த்தியாக மூட அது போதாது. வியாபாரிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பிடரி முடிதான் கைமுதல், அதைப் போட்ட இடத்திலிருந்து திருப்பி எடுக்க முடியாது. அதனால் முன்பக்கம் மட்டும், அதுவும் நெற்றிக்கோட்டைச் சற்று மேலே தள்ளி, வயதுக்கேற்ற மாதிரி வைப்போம் என்றார். யாரிடம் போனாலும் முதலில் பிடரியைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

பழனிக்கு முடி இறக்குகிற வேண்டுதல் பாக்கி இருந்தது. நட்ட பிறகு பல மாதம் மழிக்கக்கூடாது என்பதால், குன்றக்குடியிலிருந்து தைப்பூசப் பாதயாத்திரை போய் வேண்டுதலை முடித்துவிட்டு வரச் சொன்னார், அப்படியே செய்தேன். வழியெல்லாம் தலையில் தொப்பியும் வெயில் கிரீமும் வழுக்கை உள்ளவர்களுக்குக் கட்டாயம்.

சிகிச்சை, பிடரியிலிருந்து கிராஃப்ட்டை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எடுக்கும் எஃப்யூஇ முறையில், சுமார் 2500 கிராஃப்ட். மரத்துப்போக ஊசி போடும்போது கண்ணில் நீர் வந்தது, அதன்பிறகு வலி இல்லை. காலையில் குப்புறப் படுக்க வைத்து எடுத்தார்கள், தயிர்சாதம் சாப்பிட்டபின் மல்லாக்கப் படுக்க வைத்து நட்டார்கள். மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண் இமைவரை இறங்கி, தானே வற்றியது. பொருக்குகள் பத்து நாளில் உதிர்ந்தன. மூன்றாம் வாரம் நட்ட முடியும் கொட்டும், வேர் உள்ளேதான் இருக்கும். நாலாம் மாதம் பூனைமுடி மாதிரி எட்டிப் பார்த்து, ஒரு வருஷத்தில் வாரக்கூடிய அளவுக்கு வந்தது.

இது அறுவை சிகிச்சை என்பதை மறக்க வேண்டாம். 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். தகுதியான மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலப்பார்கள் என்பதால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்பிரின் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. மினாக்ஸிடிலை மாத்திரையாக எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது இதய மருத்துவரைக் கேட்டேன், கால் வீக்கமும் படபடப்பும் வரலாம் என்று வேண்டாம் என்றுவிட்டார்.

உச்சி இன்னும் காலிதான். அதற்கு இன்னொரு அமர்வு வைக்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. நட்ட முடிக்கு இருபுறமும் இருக்கும் சொந்த முடி வருகிற வருஷங்களில் மெலிந்தால் இடைவெளியை நிரப்பப் பிடரியில் இருப்பு வேண்டும். இப்போது நுரையும் மாத்திரையும் மட்டும் தொடர்கிறேன், நிறுத்தினால் சில மாதங்களில் காத்த முடி போய்விடும். நட்டதற்குச் செலவு ஒருமுறைதான், மருந்துக்கு மாதாமாதம் உண்டு. வீட்டுக் கணக்கில் அதையும் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.