பெட்டியில் 1200 வாட், காயிலில் புகை: ஸ்விஃப்டில் சப்பும் ஆம்பும், ஐந்து வருட அனுபவம்

என் 2018 ஸ்விஃப்டின் டிக்கியில் இப்போது இருப்பது இரண்டாவது சப்வூஃபர் (சப்), அதாவது தாழ்ந்த பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர். முதலாவது எட்டே மாதத்தில் கருகிப் போனது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்: 12 இன்ச், 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் சக்தி), இரட்டைக் காயில் (ஸ்பீக்கரின் கூம்பை அதிரவைக்கும் கம்பிச் சுருள்), காயிலுக்கு 4 ஓம் மின்தடை. மாறியது ஆம்பும் (ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒயரும் சப்பை உள்ளே பொருத்தும் பெட்டியும். இரண்டாவது செட் 2020 ஜனவரியில் போட்டது. மாதம் இரண்டு முறை திருச்சியிலிருந்து சென்னை போய் வருகிறேன். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர், வழி முழுக்கப் பாட்டுதான். பிராண்டு பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். முதல் செட் போனதற்கு பிராண்டு காரணமில்லை, இரண்டாவது நிலைத்ததற்கும் இல்லை.

முதல் செட்டை 2019 மார்ச்சில் சென்னையில் ஒரு கடையில் போட்டேன். ஆம்ப் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 வாட், சப்பின் அட்டைப்பெட்டியிலும் 1200 வாட். "ரெண்டும் கரெக்டா மேட்ச் ஆவுது பாருங்க சார்" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். ஆம்ப் நான்கு சேனல், ஏபி வகை. முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு இரண்டு சேனல், மீதி இரண்டைப் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, சப்புக்கு.

பிறகுதான் அந்த ஆம்பைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் 30 ஆம்பியர் ஃபியூஸ். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தால் உள்ளே போவதே 420 வாட். ஏபி வகை ஆம்ப் அதில் நாற்பது சதவீதத்தைச் சூடாக்கித் தொலைத்துவிடும். மிஞ்சுவது 250 வாட் சொச்சம், அதுவும் நான்கு சேனலுக்கும் சேர்த்து. 1200 எங்கிருந்து வந்தது என்று அச்சடித்தவருக்குத்தான் வெளிச்சம். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டியைப் பார்ப்பதில்லை, ஃபியூஸைத்தான் பார்க்கிறேன்.

சரி, ஓம் கதைக்கு வருவோம். இரண்டு 4 ஓம் காயில்களை பேரலலில் கட்டினால் 2 ஓம், சீரிஸில் கட்டினால் 8 ஓம். நடுவில் 4 ஓம் கிடைக்காது. பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று அந்த ஆம்பின் கையேட்டிலேயே இருக்கிறது. கடைக்காரப் பையன் பேரலலில் 2 ஓம் கட்டிவிட்டான். முதல் வாரம் வீடே அதிரும் சத்தம். அப்புறம் ஏப்ரல் வெயிலில் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சப் நின்றுவிட்டது. ஆம்பில் சிவப்பு விளக்கு, கை வைக்க முடியாத சூடு. அரை மணி நேரம் கழித்துத் தானாக வந்தது, விக்கிரவாண்டியில் மறுபடி நின்றது.

திரும்பக் கடைக்குப் போனேன். பத்தே நிமிடத்தில் "சரி பண்ணிட்டேன் சார்" என்றார்கள். உண்மையிலேயே அதன் பிறகு ஆம்ப் ஒருமுறைகூட நிற்கவில்லை. சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததால் கெயினை (சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்லும் திருகு) முக்கால்வாசிக்குத் திருகி, தாழ்ந்த சத்தத்தைத் தூக்கும் பேஸ் பூஸ்ட்டையும் ஏற்றி வைத்தேன். நவம்பரில் ஒருநாள் ஏசி காற்றில் வார்னிஷ் கருகும் வாசனை. ஒயரிங்தான் எரிகிறது என்று பயந்து ஓரங்கட்டினேன்.

திருச்சியில் ஸ்பீக்கருக்குக் கோன் (கூம்பு) மாற்றும் ஒரு பெரியவரிடம் சப்பைக் கழற்றி எடுத்துப்போனேன். அவர் முதலில் கோனின் நடுவில் இரண்டு கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார். உள்ளே மணல் உரசுவது போல ஒரு சத்தம். மல்டிமீட்டரை ஒரு காயிலில் வைத்தார்: 3.4 ஓம், நல்ல காயில். இன்னொன்றில் ஒன்றுமே காட்டவில்லை. "தம்பி, இதுல ஒரு காயிலுக்குத்தான் கரண்டே போயிருக்கு. இன்னொண்ணு புது மாப்பிள்ளையாட்டம் இருக்குது பாருங்க" என்றார். கடைக்காரர்கள் செய்த 'சரி' அதுதான். இரண்டு காயிலில் ஒன்றை மட்டும் ஆம்போடு கட்டி, மற்றதை அப்படியே அநாதையாக விட்டிருக்கிறார்கள். ஆம்புக்கு 4 ஓம் தெரிந்தது, அது நிம்மதியானது. சப்புக்கோ தாங்கும் சக்தி பாதியாகி 150 வாட்டில் நின்றது. அதன் மேல் கெயினைத் திருகி, கிளிப் ஆகும், அதாவது ஆம்பின் எல்லையைத் தாண்டி வெட்டுப்படும், சிக்னலை ஆறேழு மாதம் ஊற்றியது நான்.

சின்ன ஆம்ப் சப்பை எரித்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 100 வாட் ஆம்பைப் போட்டு அடக்கமாகக் கேட்டால் 300 வாட் சப்புக்கு ஒன்றும் ஆகாது. சத்தம் போதவில்லை என்று கெயினை ஏற்றும்போது அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. சதுர அலை சராசரியில் தரும் வாட், சைன் அலையைப் போல இரண்டு மடங்கு வரை போகும். என் ஆம்ப் பிரிட்ஜில் 170 வாட் தரக்கூடியது. அதைக் கிளிப் ஆகவிட்டு ஓட்டினால் 150 வாட் தாங்கும் ஒற்றைக் காயில் என்ன செய்யும்? சீரிஸில் 8 ஓம் கட்டியிருந்தால் ஆம்ப் தரும் வாட் கிட்டத்தட்ட பாதியாகியிருக்கும், அதுவும் இரண்டு காயிலுக்கும் பிரிந்திருக்கும், சப் பிழைத்திருக்கும்.

இந்த முறை சப்பை முடிவு செய்த பிறகுதான் ஆம்பைத் தேடினேன். சூட்டில் அதிகம் வீணாக்காத டி வகை மோனோபிளாக் (ஒரே சேனல் ஆம்ப்), 2 ஓமில் 350 வாட் ஆர்எம்எஸ், 9,500 ரூபாய். காயில்கள் பேரலலில், 2 ஓம். ஆம்பின் வாட் சப்பை விடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது எனக்குப் பிடிக்கும். கிளிப் ஆகாமல் வேலை வாங்கலாம். ஆனால் கெயினில் கை அரிக்கிறவர்கள் அப்படி வாங்க வேண்டாம்.

கெயினைக் காதால் வைக்காமல் மீட்டரால் வைத்தேன். 300 வாட்டை 2 ஓமால் பெருக்கினால் 600, அதன் வர்க்கமூலம் 24.5. சப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யமாக்கி, ஹெட் யூனிட் (டாஷ்போர்டு ஸ்டீரியோ) வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் வாயில் ஏசி வோல்ட் 24 வரும்வரை திருகினேன். திருப்புளி கால் பங்குக்கு மேல் போகவில்லை. பழைய ஆம்பில் நான் முக்கால்வாசி வைத்திருந்தது நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குக் கீழே உள்ள சத்தம் மட்டும் சப்புக்கு; கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸும் அங்கேயே, அதற்கு மேலே உள்ளது மட்டும். பேஸ் பூஸ்ட்டை இந்த ஐந்து வருடத்தில் தொடவே இல்லை.

ஒயர்தான் எனக்குக் கடைசியில் புரிந்த விஷயம். பழைய கிட் அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. பேட்டரியில் 14.1 வோல்ட் இருக்கும்போது, பேஸ் அடித்தால் ஆம்பில் 12.4. அதைவிடக் கொடுமை, ஃபியூஸை டிக்கியில் ஆம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வழியில் எங்கேயாவது ஒயர் உரசி பாடியைத் தொட்டால் நடுவில் தடுக்க ஒன்றுமே கிடையாது. இப்போது 4 கேஜ் தடிமனில் முழுத் தாமிரம், ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். ஆம்பில் வோல்ட் 13.8க்குக் கீழே இறங்குவதில்லை. கிட்டுக்கு ஆம்ப் விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது, வீட்டில் திட்டும் வாங்கினேன்.

தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மழைக்காலத்துக்குப் பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம், வேகத்தோடு ஏறி இறங்கும். ஆம்பை மாற்றச் சொன்னார்கள். கிரவுண்ட் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு. பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று தகரம் தெரியவைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். சத்தம் போயே போச்சு. இன்னொரு தடவை, ஒரு கல்யாண மண்டப வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாட்டு கேட்டதில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவிட்டார்கள். சின்ன பேட்டரி, அதன் மேல் தப்பில்லை.

பெட்டி, ஒன்றேகால் கன அடி மூடிய பெட்டி. முன்பு இருந்த ஓட்டை வைத்த பெட்டி ஒரே சுதியில் 'தும் தும்' என்று ஊதும். இதில் எண்பதுகளின் பேஸ் கிட்டாரை ஸ்வரம் ஸ்வரமாகக் கேட்கலாம், தவிலின் தொப்பி எது வலந்தலை எது என்று தெரியும். தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் இது ஏமாற்றும்.

டிக்கி 268 லிட்டர், அதில் ஒரு நல்ல பங்கு இந்தப் பெட்டிக்கே போகிறது. இதை நான் யோசிக்காமல் விட்டேன். போன வருடம் இரவு பதினோரு மணிக்குப் பாடாலூர் பக்கம் பஞ்சர். ஸ்டெப்னி டிக்கியின் அடியில். செல்போன் வெளிச்சத்தில் ஆம்பிலிருந்து சப் ஒயரைக் கழற்றி, பெட்டியை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து பெட்டியை ஒரு தட்டு தட்டி, "இது எத்தனை வாட்டுண்ணே?" என்றார். முந்நூறு என்றேன். "அவ்ளோதானா" என்று திரும்பிப் போய்விட்டார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக சப் ஒயருக்கு நடுவில் கழற்றி மாட்டும் ஒரு கப்ளர் போட்டேன். இப்போது இரண்டு நிமிடத்தில் பெட்டி வெளியே வந்துவிடும்.