தனிப்பாட்டு: ஒதுங்கவா, ஏற்கவா?

கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு என்றதும் பாடகர் குழுவில் நல்ல குரல் உள்ளவர்தான் முதலில் நழுவுவார், போதகரிடம் இப்படிச் சொல்லி: "எனக்கெதுக்கு ஐயரே, வேற யாரையாவது பாடச் சொல்லுங்க."

சுலபம்: ஒதுங்குவதுதான். ஏற்றால் தினமும் ஒத்திகை, ஐஸ்கிரீமுக்குத் தடை.

விலை: ஒதுங்கினால் வரம் வீணாகும். மத்தேயு 25-இல் இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த ஒரு தாலந்தை (அக்காலப் பணம்) பயன்படுத்தாமல் புதைத்தவனிடமிருந்து அதுவும் பறிபோனது. ஏற்றால் பாராட்டு தலைக்கேறலாம். ரோமர் 12:3 எச்சரிப்பது அதைத்தான்.

நிலைப்பு: தேவன் அழைத்தபோது மோசே தன்னைத் திக்குவாயன் என்றார் (யாத்திராகமம் 4). தேவனுக்குக் கோபம்தான் வந்தது. பேச ஆரோன் கிடைத்தார். அழைப்பு மட்டும் ரத்தாகவில்லை. தயக்கத்துக்கு ஆயுள் குறைவு.

தொண்டை கட்டியிருக்கிறதா, பாட வாய்ப்புக்காகச் சின்னப் பிள்ளை ஒன்று காத்திருக்கிறதா? தாராளமாக ஒதுங்கலாம். நாலு பேர் கெஞ்சட்டும் என்று மறுப்பவர் (ஊருக்கு ஒருவர் உண்டு) பேசாமல் ஏற்றுக்கொண்டு ஒத்திகைக்கு நேரத்துக்கு வரட்டும்.